வெயில் இறங்குவதற்கு முந்திய அரை மணி: கொழும்பிலிருந்து நீர்வீழ்ச்சியைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

கொழும்பில் குளிர்காலம் என்பது இரவில் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கிற காலம், அவ்வளவுதான். மார்கழி பிறந்து, விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கத் தொடங்கினால் நமக்குக் குளிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அதே நாட்களில் தலவாக்கலையில் விடியும்போது பேசினால் வாயிலிருந்து புகை வரும். நுவரெலியாவில் தை மாதத்துச் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனியே படிந்திருக்கும்.

நீர்வீழ்ச்சி எடுக்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஒக்டோபர், நவம்பர் மழை கொட்டித் தீர்த்திருக்கும், ஆறுகளில் தண்ணீர் இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கிழக்குச் சரிவில்தான் அதிகம் போடும் என்பதால், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் டிசம்பர் நடுவிலிருந்து தெளிந்த காலைகள் கிடைக்கும். பெப்ரவரி பாதிக்கு மேல் மேற்குச் சரிவில் தண்ணீர் மெலிந்துவிடும். ஆக, நம் கையில் இருப்பது எட்டு ஒன்பது வாரம். எல்ல, வெல்லவாய, கொஸ்லந்தைப் பக்கம் கதை வேறு. அங்கே மார்கழியில் தண்ணீர் நிறைய இருக்கும், வானம் மூடியும் கிடக்கும்.

புதியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நீர்வீழ்ச்சிக்குப் பின்னாலிருந்து சூரியன் வருகிற மாதிரி எங்கே எடுக்கலாம்?" என்றுதான். அந்த ஆசையைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். பெரும்பாலான நீர்வீழ்ச்சிகள் மலை மடிப்புக்குள் பதுங்கியிருப்பவை. சூரியன் அடிவானத்தில் எழும்பினாலும், மலைத் தோளைத் தாண்டித் தண்ணீரில் வெயில் இறங்க இன்னும் அரை மணி, சில இடங்களில் ஒரு மணிக்கு மேலும் ஆகும். வானத்தில் வெளிச்சம் வந்துவிட்டது, தண்ணீரில் வெயில் இல்லை; அந்த இடைவெளிக்காகத்தான் நாம் விடியப் போகிறோம். வெள்ளைத் தண்ணீரில் நேர் வெயில் விழுந்துவிட்டால் அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும், பக்கத்துப் பாறை கரியாகிவிடும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவது கமராவுக்குக் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர் நாட்டுக்காரர்களின் வழிகாட்டிகளில் விடியல் வெளிச்சம் நீண்ட நேரம் நிற்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு 7 பாகை வடக்கே. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. நல்ல இருட்டிலிருந்து சூரிய உதயத்துக்கு வர 25 நிமிடம் போதும். மார்கழி, தையில் மலையகத்தில் உதயம் 6.10க்கும் 6.25க்கும் இடையில். ஆகவே 6 மணிக்குப் போய்ச் சேர்ந்து ட்ரைபொட்டை விரிக்கிறவர் பாதிக் காலையை இழந்துவிட்டவர்.

எங்கே போவது

முதல் தடவைக்கு டெவோன். கண்ணை மூடிக்கொண்டு டெவோன் என்பேன். 97 மீற்றர் உயரம், அவிசாவளை – ஹட்டன் – நுவரெலியா வீதியில், தலவாக்கலைக்குச் சற்று முன்னால். வீதியோரத்திலேயே நின்று பள்ளத்தாக்குக்கு அப்பால் பார்க்கலாம். காட்டுக்குள் நடக்க வேண்டாம், வழுக்குப் பாறை இல்லை, அட்டை இல்லை, இருட்டில் வழி தவறவும் மாட்டீர்கள். தூரத்தில் இருப்பதால் 70–200 மி.மீ. மாதிரி ஒரு தூர லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தேயிலைச் சரிவையும் சேர்த்து அகலமாக எடுங்கள், சில காலைகளில் அதுதான் அழகாக இருக்கும். அதே வீதியில் கொஞ்ச தூரத்தில் சென் கிளேயர். 80 மீற்றர், அகலமானது. மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு அதில் பழைய தண்ணீர் இல்லை, எனவே அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இரண்டாவது பயணத்துக்கு றம்பொடை, 109 மீற்றர். கண்டி – நுவரெலியா வீதி அதைத் தொட்டுக்கொண்டு போகிறது. நாட்டிலேயே உயரமான பம்பரகந்த 263 மீற்றர், கொஸ்லந்தைக்குப் பக்கத்துத் தியலும 220. இவை இரண்டும் பழகிய பிறகு. இரவு தங்க முடியாதவர்களுக்கு இரத்தினபுரி வீதியில் குருவிட்டவுக்குப் பக்கத்தில் போபத் எல்ல இருக்கிறது. அரசிலை வடிவில் விழும், 30 மீற்றர்தான். குளிர் இருக்காது, ஆனால் கொழும்பிலிருந்து விடியப் புறப்பட்டுப் போகக்கூடியது. ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து எந்த நாளும் போங்கள்.

எந்த நீர்வீழ்ச்சியானாலும் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, தெற்குப் பக்கம் 23 பாகைக்குச் சரிந்து உதிக்கும். தென்கிழக்கைப் பார்த்த நீர்வீழ்ச்சியில் வெயில் சீக்கிரம் வரும், வடக்கையோ மேற்கையோ பார்த்ததில் வெகுநேரம் வராது. புதியவருக்கு இரண்டாவது வகைதான் தோது. சூரியப் பாதையைக் காட்டும் செயலிகள் போனில் இலவசமாகவே கிடைக்கின்றன.

குழாயடியில் ஒரு ஒத்திகை

ஷட்டர் வேகத்தை, அதாவது கமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை, மலைக்குப் போய்ப் படிக்காதீர்கள். அதைச் சமையலறையிலேயே படிக்கலாம். குழாயின் கீழ் ஒரு கறுத்த சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் அதன் மேல் விழுந்து சிதறி வழியும்படி திறந்துவிடுங்கள். கமராவை ட்ரைபொட்டிலோ புத்தக அடுக்கிலோ வைத்து, ஷட்டர் முன்னுரிமை நிலையில் (ஷட்டரை நீங்கள் வைக்க, மற்றதைக் கமரா பார்த்துக்கொள்ளும்), ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். 1/500 செக்கனில் தண்ணீர் கண்ணாடி மணிகளாக உறைந்து நிற்கும். 1/30இல் மணிகள் கோடுகளாகும். 1/4இல் கோடுகள் சேர்ந்து பட்டு நூலாகும், ஆனால் நூல் பிரிந்து தெரியும். 2 செக்கனில் எல்லாம் ஒன்றாகி வெள்ளைத் துணி போர்த்தினாற்போல ஆகிவிடும். அதற்கு மேல் 8 செக்கன் வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் அங்கேயே கண்டுகொள்வீர்கள்.

என் ருசி 1/4க்கும் 1 செக்கனுக்கும் இடையில். தண்ணீர் தடித்து வேகமாக விழுந்தால் 1/8 கூடப் போதும். மெல்லிய நூல் போன்ற நீர்வீழ்ச்சிக்கு 1 அல்லது 2. பத்து, இருபது செக்கன் வைத்துத் தண்ணீரைப் பஞ்சுமிட்டாய் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் இஷ்டம், எனக்குப் பிடிக்காது.

இன்னொரு ஒத்திகை வெள்ளவத்தைக் கடற்கரையில். நம் கடல் மேற்கைப் பார்த்தது. விடியும்போது சூரியன் முதுகுப் பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும். பாறைகளில் அலை மோதும் இடத்தில் வெயில் இல்லாத மெதுவான வெளிச்சம்தான் விழும். நீர்வீழ்ச்சியடியில் கிடைக்கப்போகிற அதே வெளிச்சம். 5.45க்குப் போய் அரை மணி எடுத்துப் பாருங்கள். ரயில் பாதையைக் கவனமாகக் கடந்துவிடுங்கள், அதன் மேல் நின்று எதையும் சரிசெய்ய வேண்டாம். குளிரூட்டி போட்ட அறையிலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் நீராவி படர்ந்து அரை மணிக்கு ஒன்றும் தெரியாது. இரவே பையில் போட்டு மூடி, குளிரூட்டி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

பையில் என்ன

கமரா, ஒரு அகல லென்ஸ், முடிந்தால் ஒரு தூர லென்ஸ். இரண்டு பற்றரி, ஏனென்றால் குளிரில் சற்று முன்னதாகவே களைக்கும். ஆடாத ட்ரைபொட். தலைவிளக்கு, கையில் பிடிக்கும் ரோச் போதாது, இரண்டு கையும் வேலையில் இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் தரும் துடைக்கும் துணி மூன்று நான்கு, ஒன்று போதவே போதாது. ஹோட்டல் குளியலறையில் தரும் பிளாஸ்டிக் தலையுறை கமராவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். சுவெட்டர், காதை மூடும் தொப்பி, அடியில் நல்ல பிடிப்புள்ள சப்பாத்து. இறப்பர் செருப்போடு பாசிப் பாறையில் கால் வைக்க வேண்டாம்.

ஃபில்டர் விடயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். முதலில் வாங்க வேண்டியது பொலரைசர். ஈரப் பாறையிலும் இலையிலும் மினுங்கும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிடும், பச்சை பச்சையாகத் தெரியும். இந்த வேலையைக் கணினியில் பின்னால் செய்ய முடியாது. அதோடு ஒன்று, ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும் குறைப்பதால் ஷட்டர் தானாகவே மெதுவாகும். என்டி எனப்படும் கறுப்புக் கண்ணாடி விடியலில் தேவையே இல்லை, வெளிச்சம்தான் ஏற்கெனவே குறைவாக இருக்கிறதே. பகலில் எடுக்கத் தொடங்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, ட்ரைபொட் தலையில் கமராவைப் பூட்டும் அந்தச் சின்னத் தட்டு. இதற்கு மட்டும் தனிப் பத்தி எழுத எனக்கு உரிமை உண்டு. ஒருமுறை அதை வெள்ளவத்தையில் மேசை மேல் விட்டுவிட்டுத் தலவாக்கலை வரை போனேன். விடிய 5.40க்கு, இருட்டில், தலையைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், அங்கே பள்ளம் மட்டும் இருக்கிறது. வான் சாரதி கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன், இத வச்சுப் பாருங்க" என்று தன் இருக்கையில் முதுகுக்கு வைத்திருந்த குட்டித் தலையணையைக் கொண்டுவந்து தந்தார். வீதியோர மதிலில் அதைப் போட்டு, கமராவை அதற்குள் அமிழ்த்தி, 2 செக்கன் டைமரில் எடுத்தேன். ஒன்பதில் இரண்டு தேறியது. ட்ரைபொட் நாள் முழுவதும் வண்டியில் படுத்திருந்தது. புறப்படும் முன் வீட்டிலேயே கமராவை ஒருமுறை பூட்டிப் பாருங்கள்.

முந்திய நாளும் வழியும்

கொழும்பிலிருந்து நள்ளிரவில் புறப்பட்டு விடியப் போய்ச் சேரலாம்தான். நானும் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை. கினிகத்தேனைக்கு மேல் வளைவுகளில் பனிமூட்டம் இறங்கினால் வண்டியின் முன்விளக்கு பத்தடிக்கு மேல் காட்டாது. தூக்கக் கலக்கத்தோடு அதில் ஓட்டுவது படத்துக்காக எடுக்க வேண்டிய ஆபத்து அல்ல. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ முந்திய நாள் பின்னேரம் போய்த் தங்குங்கள். இருட்டுவதற்கு முன் இடத்தை ஒருமுறை நடந்து பார்த்து, எங்கே நிற்பது, எந்த மின்கம்பி குறுக்கே வருகிறது, வண்டியை எங்கே ஓரங்கட்டலாம் என்று முடிவு செய்துவிடுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறக்கவில்லை. புறப்படும் நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, தங்குமிடத்துக்காரரிடம் வீதி எப்படி என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள்.

விடியலில்

5.30க்கு இடத்தில் நில்லுங்கள். ட்ரைபொட் கால்களை அகல விரித்து, நடுத்தண்டை உயர்த்தாமல் வையுங்கள். லென்ஸில் ஆட்டத் தடுப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், ட்ரைபொட்டில் அதுவே ஆட்டத்தை உண்டாக்கக்கூடும். ரா கோப்பாக (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், வெளிச்ச உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துவாரம் எஃப்/8; எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். எஃப்/22 வரை போனால் ஷட்டர் மெதுவாகும், ஆனால் படம் முழுவதும் மழுங்கிவிடும். எஃப்/11உடன் நிறுத்துங்கள். வெள்ளைச் சமநிலையை (வைட் பலன்ஸ்) பகல் வெளிச்சத்தில் வையுங்கள். விடியலின் நீலம் அப்படியே வரட்டும், தானியங்கியில் விட்டால் கமரா அதைக் கழுவித் துடைத்துவிடும்.

இருட்டில் ஃபோகஸ், அதாவது குவியம்தான் சிக்கல். நீர்வீழ்ச்சி பக்கத்தில் என்றால் பாறையில் விளக்கடித்துக் குவித்து, உடனே கைக்குவியத்துக்கு மாற்றிவிடுங்கள். டெவோன் மாதிரித் தூரத்தில் என்றால் விளக்கு எட்டாது. எதிர் மலையில் எரியும் ஒரு லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) விளக்கையோ, வானமும் மலையும் சேரும் கோட்டையோ திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் குவியுங்கள். பிறகு லென்ஸின் குவிய வளையத்தைத் தொடாதீர்கள்.

5.50 வாக்கில் முதல் படம். எஃப்/8இல் பல செக்கன் வரும். தண்ணீர் துணியாகத்தான் இருக்கும், ஆனால் வானமும் பாறையும் ஒரே நீலத்தில் கிடக்கும். 6.05க்கு 1 செக்கனுக்கு வந்துவிடுவீர்கள். 6.15 தாண்ட, பொலரைசரோடு 1/4 அளவு. உங்கள் காலையில் மேகம் கூடினால் இந்த எண்கள் மாறும். ஆனால் நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஷட்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மாறாது. இந்த 1 செக்கனிலிருந்து 1/4 வரையான பத்துப் பதினைந்து நிமிடத்தில் அங்குமிங்கும் ஓடாதீர்கள். ஒரே இடத்தில் நின்று, நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று, தண்ணீர் பாறையில் முட்டித் திரும்பும் இடத்தை மட்டும் நெருக்கி ஒன்று. ஷட்டரை விரலால் அமுக்காமல் 2 செக்கன் டைமரில் விடுங்கள். வீதியோரத்தில் நின்றால் பஸ்ஸோ லொறியோ ஏறிவரும்போது நிலமே நடுங்கும். அது வளைவைத் தாண்டும் வரை பொறுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் பிறகு திரையில், வெளிச்சம் மிஞ்சி வெளுத்த இடங்கள் மின்னும் எச்சரிக்கையைப் பாருங்கள். சுற்றிலும் கரும்பாறை என்றால் கமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், தண்ணீர் மின்னும். ஒரு ஸ்டொப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறையுங்கள். பனிமூட்டம் நிறைந்திருந்தால் நேர் எதிர், படம் அழுக்குச் சாம்பலாக வரும், அதே அளவு கூட்டுங்கள். மேலே வெறும் வெள்ளை வானம் தெரிந்தால் அதை வெட்டிவிடுங்கள். நீர்வீழ்ச்சி முழுவதும் படத்தில் வர வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

போனில் எடுப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஐபோனில் லைவ் படமாக எடுத்து, பின்னால் லோங் எக்ஸ்போஷர் என்று மாற்றினால் தண்ணீர் பட்டாகும். அண்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் புரோ நிலையில் ஷட்டரைக் கையால் மாற்றலாம். இரண்டுக்கும் போன் அசையாமல் இருக்க வேண்டும், ஒரு சின்ன ட்ரைபொட் போதும்.

மலைத் தோளில் வெயில் தெரிந்ததும் பட்டு வேலை முடிந்தது. நேர் வெயிலில் எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 1/250க்கு ஏறிவிடும். ஆனால் மூட்டை கட்ட வேண்டாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து, முன்னால் சாரல் எழும்பினால் வானவில் விழும். அதைப் பொலரைசரை மெல்லத் திருப்பி எடுங்கள், ஒரு பக்கம் திருப்பினால் வானவில்லே அழிந்துவிடும், மறுபக்கம் பளிச்சென்று வரும். சூரியன் பக்கவாட்டில் இருந்தால் சாரலுக்குள் கதிர்கள் தனித்தனியாகத் தெரியும். இவற்றுக்கு வேகமான ஷட்டர்தான் நல்லது.

தண்ணீர், அட்டை, மனிதர்

நீர்வீழ்ச்சியடிக்கு இறங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி: கண் தண்ணீரின் நிறத்தில் இருக்க வேண்டும். ஒருநாள் தோட்டமொன்றின் பின்னாலிருந்த சின்ன நீர்வீழ்ச்சியில், எனக்கு மேலே வானம் வெளுத்துத் தெளிவாகத்தான் இருந்தது. நான் கண்ணை வியூஃபைண்டரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். மேல் பாதையால் போன பெரியவர் ஒருவர் நின்று, "தம்பி, தண்ணி கலங்குது பாருங்க. மேல மழ பேஞ்சிருக்கு. ஏறி வந்துருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில், சருகும் குச்சியுமாக வந்துகொண்டிருந்தது. நான் ஏறிப் பத்து நிமிடத்துக்குள் என் ட்ரைபொட் நின்ற பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. நிறம் மாறினால், சருகு கூடினால், இரைச்சல் தடித்தால் உடனே ஏறுங்கள். சாமான் போனால் போகட்டும். அணைக்கட்டுக்குக் கீழே உள்ள ஆறு என்றால் சைரன் கேட்டதும் கரையேறிவிட வேண்டும், வானிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாரல் லென்ஸில் விழுந்துகொண்டே இருக்கும். படத்துக்குப் படம் தலையுறையைப் போட்டு மூடி, எடுக்கும் முன் கழற்றித் துடைத்து, உடனே அமுக்குங்கள். அட்டைக்குக் காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, காலுறைமேல் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் பிடுங்காமல் நகத்தால் பக்கவாட்டில் நெம்புங்கள், விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் வழியும், பயப்பட வேண்டாம்.

தோட்டத்துக்குள் நுழைவதானால் யாரிடமாவது கேட்டுவிட்டு நுழையுங்கள். நீங்கள் படமெடுத்து முடிக்கிற நேரத்தில்தான் தோட்டத் தொழிலாளர்கள் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்பு) போய், கொழுந்து கிள்ள மலையேறிக்கொண்டிருப்பார்கள். குளிரில் கூடையோடு ஏறுகிற ஒருவரை முன்னால் போய் மறித்து லென்ஸை நீட்டாதீர்கள். "எடுக்கலாமா அக்கா?" என்று தமிழில் கேட்க நமக்கென்ன கஷ்டம்? வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து, அனுமதி எடுத்துக்கொண்டே கொண்டு போக வேண்டும்.

திரும்பி வந்து

மலையில் குளிர்ந்து கிடந்த கமரா கித்துல்கலக்குக் கீழே இறங்கியதும் வியர்க்கும். வழியில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறக்காதீர்கள். மெமரி கார்ட்டை மலையிலேயே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் ஆசை அடங்கும். கொழும்புக் காற்றின் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் தேவையில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பை மூடியே இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு மூடிவையுங்கள். ட்ரைபொட் கால்களை ஒவ்வொரு கணுவாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் மணலைக் கழுவி, பல்கனியில் விரித்துக் காயவிடுங்கள். மடக்கி மூலையில் சாத்தினால் அடுத்த தடவை இருட்டில் விரிக்கும்போது மணல் நறநறக்கும், ஒரு கால் இறங்கவே இறங்காது.